மாதக் கடைசி வந்தால் வயிறு கலங்குகிறது என்று எழுதிய மகளுக்கு

கேள்வி இதுதான். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தினமும் நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வந்து ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 28 வயதுப் பெண், பள்ளிக்குப் போகும் பிள்ளையும் வீட்டு லோனும் உள்ளவள், எழுதியிருக்கிறாள்: "20ஆம் தேதி தாண்டினால் தூக்கம் போய்விடுகிறது. டார்கெட் எவ்வளவு ஆச்சு என்று மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் முன்னாலும் கேட்கிறார். பஸ் தக்கலை தாண்டும்போதே வயிறு கலங்குகிறது. முதல் இரண்டு வருடம் ஆசையாகத்தான் வேலை பார்த்தேன். இப்போது எதிலும் மனசு ஒட்டவில்லை. எப்படிப் பதற்றமில்லாமல் இருப்பது? போன ஆர்வம் திரும்புமா? இல்லை, வேலையை விட்டுவிடவா?"

மக்களே, நான் 32 வருடம் இந்த மாவட்டத்து வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இப்போதும் வகுப்பு எடுக்கிறேன். உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உனக்குச் சோம்பேறித்தனம் இல்லை, தைரியக் குறைவும் இல்லை. நீ சொல்லும் மூன்றும், அதாவது உடம்பு சோர்ந்து போவது, வேலையில் மனசு விலகிப் போவது, நம்மால் ஆகவில்லை என்ற எண்ணம், சேர்ந்து வந்தால் அதற்கு பர்ன்அவுட் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் சேர்த்தது. அதுவும் நோயாக இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்று. வேலையிடத்தில் நீண்டகாலமாகச் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது என்பதுதான் அதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம். இதில் பாதி உன் கையில் இருக்கிறது, பாதி வேலையிடத்தின் கையில் இருக்கிறது. முழுவதையும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பாஸிட்டிவாக நினை, எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வயிறு கலங்கிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது.

பதற்றம் என்ன செய்யும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு மார்ச் 31 இரவில். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கம்ப்யூட்டர் வராத காலம், எல்லாம் பெரிய லெட்ஜர்கள். வருடக் கணக்கு முடிக்கும் இரவில் ஊழியர்கள் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. சேமிப்புக் கணக்கு லெட்ஜர் என் பொறுப்பு. கூட்டிப் பார்த்தால் 630 ரூபாய் இடிக்கிறது. மறுபடி கூட்டினேன், அதே 630. மணி ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிவிட்டது. மற்ற லெட்ஜர்கள் ஒவ்வொன்றாக டேலி ஆகி மேஜைக்குப் போகின்றன, என்னுடையது மட்டும் கிடக்கிறது. மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கிறார். கை வியர்த்து பென்சில் வழுக்குகிறது. நான்காவது தடவை கூட்டும்போது எண்கள் கண்ணில் படுகின்றன, மூளைக்குப் போகவில்லை. அழுகை தொண்டையில் நிற்கிறது.

எங்கள் ஹெட் கேஷியர் வந்து லெட்ஜரை மூடி வைத்தார். "பிள்ளே, வெளியே போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா. அந்த 630 எங்கேயும் ஓடிப் போகாது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் சாயா குடிக்கச் சொல்கிறார். ஆனாலும் போனேன். தெருமுனையில் ஒரு கடை திறந்திருந்தது. குடித்துவிட்டுத் திரும்பி வந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "630 ஒன்பதால் வகுபடுமா?" வகுபடும், 70 வரும். "வித்தியாசம் ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபட்டால், எங்கேயோ பக்கத்துப் பக்கத்து எண் ரெண்டு இடம் மாறியிருக்கலாம். கூட்டாதே. இடம் மாறின எண்ணைத் தேடு." பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். 1,180 என்று இருக்க வேண்டியது என் கையெழுத்திலேயே 1,810 என்று இருந்தது. நான்கு தடவை அதே வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பதறும்போது நாம் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வோம், இன்னும் வேகமாக. கவனம் ஒரு துளை வழியாகப் பார்ப்பது போல் சுருங்கிவிடும். 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. தூண்டுதல் கொஞ்சம் கூடினால் கற்பதும் கூடுகிறது. ஓர் அளவு தாண்டினால் குறைகிறது. வேலை சிக்கலாக இருந்தால் அந்த அளவு சீக்கிரமே வந்துவிடுகிறது. கொஞ்சம் அழுத்தம் நல்லது என்று உன் மேனேஜர் சொன்னால் அது பொய் இல்லை. உனக்கு அந்தக் கொஞ்சம் எப்போதோ தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, அந்த சாயாவுக்கு இப்போது என்ன வழி? கவுண்டரில் ஆள் நிற்கும்போது எழுந்து போக முடியாது. ஆனால் உனக்கு தக்கலையிலிருந்து பார்வதிபுரம் வரை பஸ்ஸில் நேரம் இருக்கிறது. வில்லுக்குறியிலோ சுங்கான்கடையிலோ வண்டி நின்று நின்று போனால் இன்னும் நல்லது. மூக்கால் மூச்சை இழு. இழுத்து முடிந்த இடத்தில் இன்னும் ஒரு சின்ன இழுப்பு. அப்புறம் வாய் வழியாக மெல்ல, நீளமாக, முழுவதும் வெளியே விடு. விடுவது இழுத்ததைவிட நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். நம் உடம்பின் அமைப்பே அப்படி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்களை ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் மூச்சுப் பயிற்சியோ தியானமோ செய்ய வைத்தார்கள். இப்படி நீளமாக மூச்சு விட்டவர்களின் மனநிலைதான் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெளிந்தது. காசு செலவில்லை, பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியவும் தெரியாது. அந்த 5 நிமிடம் போன் பைக்குள் இருக்கட்டும்.

சாப்பாடு பற்றி இரண்டு வரி. மாதக் கடைசியில் மதியச் சோற்றை மூன்றரைக்குச் சாப்பிடுவது உங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. பையில் ஓர் ஏத்தன்பழம் வைத்துக்கொள், பதினொன்றரைக்குச் சாப்பிடு. ஆறு மணி சாயாவை நிறுத்து. அதில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய், ஒரு காரணம் அங்கேயே இருக்கலாம்.

இப்போது டார்கெட்டுக்கு வருகிறேன், நிறையப் பேசவேண்டிய இடம் இது.

ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979இல் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதினார். வேலைச் சுமை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. சுமை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருந்தால்தான் கெடுக்கிறது. உன் நிலைமை அச்சு அசலாக இதுதான். தங்கம் விலை உன் கையில் இல்லை. ரிசர்வ் வங்கி விதி உன் கையில் இல்லை. பக்கத்துக் கடைக்காரன் எவ்வளவு வட்டிக்குக் கொடுக்கிறான் என்பதும் உன் கையில் இல்லை. ஆனால் நாள் முழுவதும் உன் கண் முன்னால் நிற்பது இந்த மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் ஓர் எண். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கு, பத்து ரூபாய் நோட்டு போதும். நிறுவனத்தின் எண்ணை அதில் எழுதாதே. உன் கையால் செய்யக்கூடியதை மட்டும் எழுது. காலையில் பதினொன்றுக்குள் எத்தனை பேரைக் கூப்பிடுவேன்; யாருக்கெல்லாம் இந்த வாரம் தவணை முடிகிறது; போன மாதம் நகையை மீட்டுப்போனவர்களில் யாரிடம் நலம் விசாரிக்கலாம். பதினைந்து போன் என்று எழுதி பதினைந்தும் செய்துவிட்டால் அன்றைய உன் வேலை முடிந்தது. அதில் இரண்டு பேர் வந்தார்களா ஏழு பேர் வந்தார்களா என்பது வேறு கணக்கு. கேட்க எளிதாக இருக்கும். மூன்று வாரம் செய்து பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். எங்கள் கிளையில் டெபாசிட் திரட்டும் மாதங்களில் நான் தலை தப்பியது இப்படித்தான்.

மேனேஜர் குரூப்பில் கேட்கிறார் என்றாயே, அவர் கேட்பதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. மாதக் கடைசியில் இல்லை, 5ஆம் தேதி வாக்கில், கிளை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், நேரில் போய்ப் பேசு. "சார், தினமும் அஞ்சரைக்கு அன்னிக்குக் கூப்பிட்ட ஆட்கள் லிஸ்ட்டும், நாளைக்கு வரேன்னு சொன்னவங்க பேரும் நானே உங்களுக்கு அனுப்பிடுறேன். குரூப்ல கேட்டா அன்னிக்கு முழுக்க கை ஓட மாட்டேங்குது சார். நேர்ல கேளுங்க, நான் சொல்றேன்." இவ்வளவுதான். புகார் மாதிரி இருக்கக் கூடாது, அவருக்கும் ஓர் உதவி கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். அவரையும் மேலே இருந்து யாரோ ஒருவர் இன்னொரு குரூப்பில் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எல்லா மேனேஜரும் இதற்கு இறங்கி வருவார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நான் பார்த்தவர்களில் பாதிப்பேராவது இறங்கி வந்தார்கள்.

மேனேஜர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்துப் பேர் முன்னால் ஒருத்தியிடம் எண் கேட்டால் அவள் அடுத்த அரை மணி நேரம் வாடிக்கையாளரைப் பார்க்க மாட்டாள், போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். உங்களுக்குத்தான் நஷ்டம். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், என்ன உதவி வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

வேலை நேரம் பற்றி நீ எழுதவில்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் கணக்கு. அதற்கு மேல் வேலை வாங்கினால் அது ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமையும் கலெக்‌ஷனுக்குப் போகச் சொல்வது சாதாரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அது சாதாரணம் இல்லை.

இனி, போன ஆர்வம் பற்றி.

என் அப்பா குலசேகரம் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன்னாலேயே போய்விடுவார். வெயில் ஏறும் முன்னால், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரத்தைச் சுற்றிச் சரிவாக ஓடும் கோட்டில், காகிதம் மாதிரி மெல்லிசாகப் பட்டையைச் சீவுவார். வெள்ளைக் கோடு ஒன்று எழும், அப்படியே வழிந்து சிரட்டையில் சொட்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முடிச்சு விழும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்கு வெட்ட மாட்டார். ஒரு நாள் விட்டுத்தான் வெட்டுவார். தை, மாசியில் இலை உதிர்ந்து துளிர் விடும்போது சில வாரங்கள் வெட்டே கிடையாது. விலை ஏறியிருக்கிறதே என்று ஆசைப்பட்டு தினமும் வெட்டிய தோட்டங்கள் உண்டு. கொஞ்ச நாள் நிறையப் பால் வரும். பிறகு பட்டை வறண்டுபோகும், கத்தி வைத்தால் ஒரு சொட்டுகூட வராது. மரம் பச்சையாகத்தான் நிற்கும், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வந்தது. பச்சையாகத்தான் நிற்கிறாய். தினமும் சேலை கட்டி, கூட்டத்தில் பஸ் ஏறி, சிரித்துக்கொண்டே கவுண்டரில் உட்கார்ந்திருப்பாய். ஆனால் உனக்கு ஒரு நாள் விடப்படவே இல்லை. ஏழரைக்கு வீடு திரும்பினால் மாவு, பிள்ளை, வீட்டுப்பாடம், அதற்கு நடுவில் குரூப்பில் டிங் டிங். உடம்பு வீட்டில் இருந்தாலும் மனசு கிளையில்தான். வாரத்தில் ஒரு நாளாவது அந்த குரூப்பை முழுவதும் மியூட்டில் போடு, வீட்டிலும் சொல்லி வை. தினமும் பஸ் இறங்கி வீடு வரும் வரை நடக்கும் தூரத்தில் போனை எடுக்காதே. வீட்டுக்காரர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொள்ளட்டும். மாதத்தின் கடைசிப் பத்து நாளுக்காவது அது அவருடைய வேலை என்று பேசி முடித்துவிடு. ஜாடையாகச் சொன்னால் ஆண்களுக்குப் புரியாது, தேதி போட்டுச் சொல்.

இரவில் தூக்கம் வராததற்கு இன்னொரு வழி. முடிக்காத வேலை மனசில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று 1927இல் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். எழுதி வைத்துவிட்டால் அந்தப் பிடி தளர்கிறது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன்னால் 5 நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், அன்றைக்குச் செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அந்தப் பத்து ரூபாய் நோட்டில் கடைசிப் பக்கத்திலிருந்து எழுது.

அப்புறம் அதே நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கு. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இரண்டு வளையலை உன் முன்னால் வைக்கும் அம்மாவை உனக்குத் தெரியும். மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வந்திருப்பார். போட்டுக்கு எஞ்சின் வேலை பார்க்கக் குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ ஒருவர் வந்திருப்பார். ஜூன், ஜூலை மீன்பிடித் தடை முடிந்து கடலுக்குப் போனதும் மீட்டுக்கொள்கிறேன் என்பார். ஏலத் தேதி நெருங்கிய ஒருவருக்கு நீ போன் போட்டு, வட்டியை மட்டுமாவது கட்டுங்க அண்ணே என்று சொல்லியிருப்பாய், அந்தத் தாலிச்செயின் தப்பியிருக்கும். எந்த டார்கெட் ஷீட்டிலும் இதை எழுத இடம் கிடையாது. நீ எழுது, தேதி போட்டு, ஒரே வரி. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் மனிதருக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று பல வருடம் ஆராய்ந்தவர்கள். தன் இஷ்டப்படி செய்ய ஓர் இடம், நமக்கு இது வரும் என்ற உணர்வு, நம்மைச் சேர்ந்தவர்கள் என்று நாலு பேர், இந்த மூன்றும் வேண்டும் என்றார்கள். சம்பளமும் பாராட்டும் இந்த மூன்றுக்கு ஈடாகாது. முதலாவது உன் பதினைந்து போனில் இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் இந்தப் பக்கத்தில் சேரும். கிளையில் உன்னோடு கஷ்டப்படும் இன்னொரு பிள்ளை இருப்பாள், அவளோடு மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடு. வேலையைப் பற்றிப் பேசாமல் பத்து நிமிடம்.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் டாக்டரைப் பார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்படாதே. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போகிறோமே, அது மாதிரிதான் இதுவும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடு. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே கூப்பிடு, வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்.

கடைசியாக, வேலையை விடுவதா என்பது. விட்டுவிடு என்று சொல்வது எனக்கு எளிது, வீட்டு லோன் கட்டுவது நீ. இந்த ஊரில் படித்த பெண்ணுக்கு வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்காக எதையும் சகித்துக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: 20ஆம் தேதிக்கும் 1ஆம் தேதிக்கும் நடுவில் அந்த முடிவை எடுக்காதே. அந்த நாட்களில் நீ 630ஐ நான்காவது தடவை கூட்டிக்கொண்டிருப்பாய். மாதம் பிறந்து 10ஆம் தேதி, ஒரு நல்ல தூக்கத்துக்கு அப்புறம், நோட்டைத் திற. மேனேஜரிடம் பேசியாகிவிட்டதா, ஏதாவது மாறியதா, இடமாற்றம் கேட்க வழி இருக்கிறதா என்று பார். மூன்று மாத வீட்டுச் செலவுக்குக் கையில் பணம் சேரும் வரை வேறு இடத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இரு, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இரண்டு மூன்று 10ஆம் தேதிகளிலும் உன் பதில் "போதும்" என்றே இருந்தால் அது பதற்றத்தில் வந்த பதில் இல்லை, நம்பலாம்.

அடுத்த மாதம் 10ஆம் தேதிக்கு அப்புறம் எனக்கு ஒரு வரி எழுது. மேனேஜரிடம் பேசினாயா, அவர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும்.